திங்கட்கிழமை காலையில் இதை எதற்குத் தொட வேண்டும்?

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு ஆலை வடிவமைப்புக் குழுவுக்கு வி.ஆர். (மெய்நிகர் உலகம்) மென்பொருள் ஒன்று செய்து கொடுத்தேன். அவர்கள் கணினியில் வரைந்து வைத்திருந்த ஆலையை அப்படியே எடுத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் உள்ளே பறந்து போய்ப் பார்க்கலாம் என்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஏழு மாத உழைப்பு. காட்டிய அன்று அறை நிறைய ஆட்கள். ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்தார்கள். குழாய்களுக்கு நடுவே பறந்தார்கள். கொதிகலனுக்கு மேலே போய் நின்று கீழே பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். அன்று ராத்திரி சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. நாலு மாதம் கழித்து வேறு ஒரு வேலையாக அங்கே போனேன். இரண்டு ஹெட்செட்டும் வாங்கி வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே திரும்பப் போய் அலமாரியில் உட்கார்ந்திருந்தன. ஒயரைக்கூட அழகாகச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள்.

அந்தக் குழுவில் இருபது வருடத்துக்கு மேலாகக் குழாய்த் தடம் வரைகிற மூத்த பொறியாளர் ஒருவர் உண்டு. அவரிடம் கேட்டேன்: "என்ன மேடம், யாரும் எடுக்கிறதே இல்லையா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருந்தது. வந்தவங்களுக்கெல்லாம் காட்டினோம். ஆனா திங்கட்கிழமை காலையில வந்து சீட்ல உட்கார்ந்ததும் இதை நான் எதுக்குத் தொடணும்? அதை மட்டும் சொல்லுங்க." குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஹெட்செட் கனம், படத்தின் துல்லியம் போதாது, பழக்கம் வர நாளாகும், இப்படி. எதுவும் ஒட்டவில்லை. அந்தக் கேள்வி மட்டும் பல மாதங்கள் கூடவே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஃப்ரெட் ப்ரூக்ஸின் கட்டுரைகளை மறுபடி எடுத்தேன். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு அவர் பெயர் ஒரே ஒரு விதியாகத்தான் தெரியும். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற விதி. நானும் அவரை அப்படித்தான் அறிந்திருந்தேன். அந்த விதி வந்தது 1975ல். அவர் இறந்தது 2022 நவம்பரில், 91 வயதில். நடுவில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? கம்ப்யூட்டர் கிராபிக்ஸும் வி.ஆரும் செய்துகொண்டிருந்தார். புகழ் ஒரு பக்கம் இருக்க, உழைப்பு இந்தப் பக்கம் இருந்தது. அதைப் படிக்கப் படிக்க, என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியை அவர் தனக்குத் தானே முப்பது வருடங்களுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று புரிந்தது.

ஒரு பைட்டும் ஒரு ஜன்னலும்

ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனத்தில் அவர் இருந்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். ஹார்வர்டில் கணினி முன்னோடி ஹோவர்ட் எய்க்கனிடம் ஆய்வு செய்து 1956ல் முனைவர் பட்டம். பிறகு ஐ.பி.எம். அங்கே சிஸ்டம்/360 கணினி வரிசையை உருவாக்கிய திட்டத்தின் தலைவர். கணினி ஒரு எழுத்தை வைத்துக்கொள்ளும் பைட்டுக்கு 6 பிட் (0 அல்லது 1) என்றிருந்ததை 8 பிட்டாக மாற்றியதுதான் தன் வாழ்க்கையிலேயே முக்கியமான முடிவு என்று பின்னாளில் சொன்னார். ஆங்கிலச் சின்ன எழுத்துகளுக்கு அதனால் இடம் கிடைத்தது. நீங்கள் இப்போது படிக்கும் தமிழ் எழுத்துகளும் அந்த 8 பிட் பைட்டுகளாகத்தான் வந்து சேர்கின்றன, பெரும்பாலும் ஒரு குறிக்கு மூன்று பைட்டு வீதம். அந்த 360 வரிசை அறிவிக்கப்பட்டது 1964 ஏப்ரலில். அதே ஆண்டு அவர் சேப்பல் ஹில்லில் இருக்கும் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கினார். இருபது வருடம் அதற்குத் தலைவராக இருந்தார். உலகத்தின் மிகப்பெரிய கணினித் திட்டத்தை நடத்தியவர், கணினித் துறையே இல்லாத ஒரு வளாகத்துக்குப் போனது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

கிராபிக்ஸ் பக்கம் அவரை இழுத்தது 1965ல் கிராபிக்ஸ் முன்னோடி ஐவன் சதர்லேண்ட் முன்வைத்த ஒரு கனவு. கணினித் திரையைத் திரையாக நினைக்காதீர்கள், ஒரு ஜன்னலாக நினையுங்கள் என்றார் சதர்லேண்ட். அந்த ஜன்னல் வழியே தெரிகிற உலகம் நிஜம்போலத் தெரிய வேண்டும், நிஜம்போல ஒலிக்க வேண்டும், நாம் தொட்டால் அந்த நொடியே அசைய வேண்டும், கைக்கும் நிஜமாகப் பட வேண்டும். சில ஆண்டுகளில் சதர்லேண்ட் தலையில் மாட்டிப் பார்க்கும் காட்சிக் கருவியையும் செய்து காட்டினார். ப்ரூக்ஸ் அந்தக் கனவை வேலைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் ஜன்னலைக் கட்டுவதற்கு முன்னால், அதன் வழியாக யார் பார்க்கப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். இந்த இடத்தில்தான் நானும் அவரும் பிரிகிறோம்.

கொல்லர் வேலை

கணினி அறிவியலாளரை ப்ரூக்ஸ் கருவி செய்கிறவர் என்றுதான் அழைத்தார். 1977லும் அதைச் சொன்னார், 1990களில் ஒரு விருதுரையிலும் அதே தலைப்பில் திரும்ப வந்து சொன்னார். நம் மொழியில் அதற்குக் கொல்லர் என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அரிவாள் அடித்துக் கொடுத்த கொல்லருக்குத் தன் அரிவாள் எப்படி என்று தெரிய வேண்டுமானால், அறுப்பு முடிந்து வருகிறவரைக் கேட்க வேண்டும். உலைக்களத்தில் வைத்து அழகு பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கருவியைப் பயன்படுத்துகிறவர் தன் வேலையில் வென்றாரா என்பதுதான் செய்தவருடைய வெற்றி என்பது ப்ரூக்ஸின் கட்சி. இது பணிவுக்காகச் சொன்ன பேச்சு கிடையாது. ஆராய்ச்சி செய்யும் முறையாகவே அவர் இதை வைத்திருந்தார். தானே கற்பனை செய்த பிரச்சினையை எடுத்தால், கஷ்டமான பகுதி வரும்போது அதை எளிதாக்கிக்கொண்டு தப்பித்துவிடலாம். அடுத்தவருடைய நிஜப் பிரச்சினையில் அப்படித் தப்பிக்க வழியே இல்லை.

அதனால் பல்கலைக்கழகத்தில் யாருடைய அறிவுக்குத் துணை செய்தால் அதிகப் பலன் என்று விசாரித்துத்தான் ஆரம்பித்தார். அப்படிப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று புரதங்களை ஆராயும் வேதியியலாளர்கள். அந்தக் காலத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது என்றால், எக்ஸ்ரே சோதனையில் கிடைத்த எலக்ட்ரான் அடர்த்தியைத் தாள் தாளாக வரைந்து அடுக்கி வைத்து, அதற்குப் பொருந்தும்படி உலோகக் கம்பிகளால் மாதிரி கட்ட வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை. கட்டிய மாதிரி தன் கனத்தில் தானே தொய்ந்துவிடும். சேப்பல் ஹில் குழு செய்த கிரிப்-75 என்ற அமைப்பில் அந்தக் கம்பி மாதிரியைத் திரையிலேயே திருப்பி, வளைத்துப் பொருத்தலாம். 1977ல் ஒரு பாம்பு நஞ்சுப் புரதத்தின் வடிவம் இந்த வழியில் வெளிவந்தது. அந்த வேதியியலாளர்களின் கேள்விக்கு விடை கிடைத்தது. ப்ரூக்ஸுக்கு அது திருப்தியாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

செயற்கை அறிவைப் பற்றியும் இதே இடத்திலிருந்துதான் பேசினார். மனிதருக்குப் பதிலாக யோசிக்கும் இயந்திரத்தைவிட, மனிதரோடு சேர்ந்து யோசிக்கும் இயந்திரம் கடினமான பிரச்சினைகளில் முந்தும் என்றார். இன்று இதை எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் வேலையையே இயந்திரக் கற்றல் பெருமளவு எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த ஒரு இடத்தில் காலம் அவரை முந்திவிட்டது என்று சொல்லலாம். ஆனாலும் அவர் கேள்வி வைத்த விதம் எனக்கு இன்னும் பிடிக்கிறது. அதில் எப்போதும் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒரு வேலை இருந்தது.

எடுத்து வைத்த கை

நான் திரும்பத் திரும்பப் படித்தது க்ரோப் என்ற திட்டத்தைப் பற்றி. 1967ல் தொடங்கியது. இரண்டு மூலக்கூறுகள் நெருங்கும்போது ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும். அந்த விசையை ஒரு வேதியியலாளர் தன் கையில் உணர்ந்தால் எப்படி இருக்கும்? மருந்து மூலக்கூறு ஒன்றை நொதியின் பள்ளத்துக்குள் பொருத்திப் பார்க்க வேண்டும். பூட்டுக்குள் சாவியை நுழைப்பதுபோல. கண்ணால் மட்டும் செய்தால், முன்னால் இருக்கும் அணு பின்னால் இருப்பதை மறைத்துவிடும். எங்கே இடிக்கிறது என்று தெரியாது. இருட்டில் பூட்டைத் திறக்கிற எவருக்கும் தெரியும், அந்த வேலையைச் செய்வது விரல்தான் என்று.

இதற்கு ஒரு இயந்திரக் கை வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் கதிரியக்கப் பொருள்களைத் தொடாமல் கையாள்வதற்காக ரேமண்ட் கோர்ட்ஸ் என்பவர் தொலைவிலிருந்து இயக்கும் கைகளை வடிவமைத்திருந்தார். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம் ஒரு கையைப் பிடித்து அசைத்தால், அந்தப் பக்கம் இன்னொரு கை அதேபோல அசையும். அது எதிலாவது இடித்தால் அந்த இடி நம் கைக்கு வரும். ப்ரூக்ஸுக்கு அப்படியொரு கை கிடைத்தது. அந்தப் பக்கத்துக் கை இருக்க வேண்டிய இடத்தில் கணினியை வைத்தால், இல்லாத பொருள்களையும் நம் கை உணரும். யோசனை அவ்வளவு எளிமையானது.

முதல் கட்டத்தில் அந்தப் பெரிய கையைத் தொடவே இல்லை. ஒரு தளத்தில் மட்டும் நகரும் சின்னக் கைப்பிடியைச் செய்து, மாணவர்கள் விசைப் புலங்களை உணர முடிகிறதா என்று பார்த்தார்கள். 1971ல் அதை எழுதினார்கள். அடுத்த கட்டம் முப்பரிமாணம். மேசைமேல் இருக்கும் கட்டைகளை எடுத்து வைப்பது போன்ற எளிய வேலை. 1976ல் அதுவும் முடிந்தது. அப்புறம் நின்றுவிட்டது. மருந்து மூலக்கூறின் ஒவ்வொரு அணுவுக்கும், நொதியின் அத்தனை அணுக்களுக்கும் இடையில் இருக்கும் விசையைக் கணக்கிட வேண்டும். அதையும் கை நடுங்காமல் உணரும் வேகத்தில், நொடிக்குப் பல தடவை செய்ய வேண்டும். அன்றைய கணினிக்கு அது எட்டாது. அவர்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. கட்டைகளை அடுக்கும் மேசையையே இன்னும் அழகாக்கி, வருகிறவர்களுக்குக் காட்டிக் கைதட்டல் வாங்கலாம். அல்லது நிறுத்திவிட்டு, கணினிகள் வேகம் பெறும் வரை காத்திருக்கலாம்.

அவர்கள் கையை எடுத்து வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். எனக்கென்றால் கட்டை மேசையை விட மனம் வந்திருக்காது. நான் செய்த பறக்கும் ஆலை அந்தக் கட்டை மேசைதான். பார்க்க நன்றாக இருந்தது, வேலை செய்தது, ஆனால் யாருடைய கேள்விக்கும் பதிலாக இல்லை. ப்ரூக்ஸுக்கு வேதியியலாளரின் கேள்வி மட்டுமே குறி. அதைத் தொட முடியாத கருவியைத் தொடர்ந்து மெருகேற்றுவதில் அவருக்கு ஆர்வம் இல்லை. அதே நேரம் அந்தக் கேள்வியை அவர் கைவிடவும் இல்லை. 1980களில் கணினிகள் வேகம் பெற்றன. நொதியைச் சுற்றியிருக்கும் வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விசை எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற உத்தியும் கைவந்தது. கை வெளியே வந்தது. பயன்படுத்துகிறவர் அதைப் பிடித்து மருந்து மூலக்கூறை முன்னே, பின்னே, மேலே, கீழே நகர்த்தலாம், எந்தப் பக்கமும் சுழற்றலாம். இடிக்கும் இடத்தில் கை தடுக்கும். பொருந்தும் இடத்தில் தானாக இழுத்துக்கொள்ளும்.

1990ல் அந்த ஆய்வு வெளிவந்தது. 23 வருடம். அதில் ப்ரூக்ஸோடு மூன்று பேர். முதல் கட்டத்தைச் செய்த மாணவர், இரண்டாம் கட்டத்தைச் செய்த மாணவர், கடைசிக் கட்டத்தைச் செய்த மாணவர். எப்போதோ படித்து முடித்துப் போனவர்களின் பெயரும் அதில் இருந்ததைப் பார்த்தபோது மனசு நெகிழ்ந்தது.

அதைவிட என்னைத் தொட்டது முடிவுகளை அவர்கள் எழுதியிருந்த விதம். கையில் விசையை உணர்வது, வெறும் படத்தைப் பார்த்துச் செய்வதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பலன் தருகிறது. தொழில்நுட்பம் வளர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடலாம், ஆனால் பத்து மடங்கெல்லாம் வராது. இப்படியே எழுதியிருந்தார்கள். 23 வருடம் உழைத்துவிட்டு இரண்டு மடங்கு என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்! வேதியியலாளர்கள் சொன்னதையும் பதிந்திருந்தார்கள். ஒரு மருந்து ஏன் நன்றாகப் பொருந்துகிறது, இன்னொன்று ஏன் பொருந்தவில்லை என்று அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு புதுப் புரிதல் கிடைத்ததாம். எண்ணிக்கையில் வந்த பலனைவிட இதுதான் பெரிது என்பது ஆய்வாளர்களின் முடிவு. கூடவே ஒரு கணிப்பும் இருந்தது. இந்தத் தொழில்நுட்பத்தை முன்னே தள்ளப்போவது விஞ்ஞானம் அல்ல, பொழுதுபோக்குதான் என்று. இன்று நாம் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட் எந்தக் கடை அலமாரியில் விற்கிறது என்று பார்த்தால் அது எவ்வளவு சரி என்று தெரியும்.

அந்தக் கையும் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1990களில் அதே வளாகத்தில் நானோமேனிபுலேட்டர் என்ற கருவி வந்தது. நுண்ணோக்கியின் கூர்முனை ஒரு பரப்பைத் தடவிச் செல்லும்போது, அந்த மேடு பள்ளத்தைப் பயனர் தன் கையில் உணரலாம். ஆரம்பத்தில் அதற்குக் கையாக இருந்தது இதே ஆர்கான் கைதான். பின்னால் இயற்பியலாளர்கள் அந்த நானோமேனிபுலேட்டரைக் கொண்டு கார்பன் நானோகுழாய்களைத் தள்ளிப் பார்த்து, அவை சில நேரம் வழுக்குகின்றன, சில நேரம் உருளுகின்றன என்று கண்டார்கள். கதிரியக்கத்துக்காகப் பிறந்த கை அணுக்களின் உலகம் வரை போய்விட்டது.

ஒன்றரை அங்குலப் பலகை

ப்ரூக்ஸ் குழுவின் இன்னொரு கிளை, கட்டடங்களுக்குள் நடப்பது. சேப்பல் ஹில்லில் கணினித் துறைக்காக சிட்டர்சன் ஹால் என்ற கட்டடத்தைத் திட்டமிட்டபோது, அது கட்டப்படுவதற்கு முன்பே அதைக் கணினிக்குள் கட்டி, உள்ளே நடந்து பார்த்தார்கள். ஓடுபொறிமேல் நின்று, சைக்கிளுக்கு இருப்பதுபோன்ற கைப்பிடியைத் திருப்பி, மெதுவாகப் படம் மாற மாற நடக்க வேண்டும். முன்கூடத்தில் இருந்த ஒரு தடுப்புச் சுவர் இடத்தை நெருக்குவதாக, அங்கே வேலை செய்யப் போகிறவர்களுக்குத் தோன்றியது. கட்டடக் கலைஞர்களுக்கு வரைபடத்தில் அப்படித் தெரியவில்லை. அவர்களையும் அந்த இல்லாத கட்டடத்துக்குள் நடக்க வைத்தார்கள். சுவரை நகர்த்திவிட்டார்கள். 1987ல் திறந்த நிஜக் கட்டடத்தில் அந்தச் சுவர் நகர்ந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதற்குப் பின்னால் வந்த சோதனையைத்தான் வி.ஆர். படித்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒரு சாதாரண அறை, கதவைத் திறந்தால் அடுத்த அறையில் தரையே இல்லை. சுவரையொட்டி நடக்க ஒரு விளிம்பு மட்டும், அதற்குக் கீழே இருபது அடி ஆழம். லண்டனில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் தொடங்கியது இது. சேப்பல் ஹில்லில் இதை வேறு ஒரு கேள்விக்குப் பயன்படுத்தினார்கள். அந்த உலகத்துக்குள் இருப்பதாக ஒருவர் உணர்கிறாரா என்பதை அவர் வாயால் கேட்காமல் உடம்பிடம் கேட்க முடியுமா? இதயத் துடிப்பு, தோலின் வெப்பம், வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்தல் மூன்றையும் அளந்தார்கள். இதயத் துடிப்புதான் நம்பகமாகப் பேசியது. விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் நிஜமாகவே ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஒரு மரப்பலகையை வைத்தார்கள். பலகையின் ஓரத்தைக் கால்விரல் உணர்ந்ததும் துடிப்பு இன்னும் எகிறியது. லட்சக்கணக்கில் செலவழித்த கிராபிக்ஸ் தராத ஒன்றை ஒரு துண்டு மரம் தந்துவிட்டது. நிஜக் காலால் நடந்து பார்ப்பதற்கும் பொத்தானை அழுத்திப் பறப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் 1999ல் ஒப்பிட்டிருக்கிறார்கள். பறக்கிறவர்களுக்கு அங்கே இருக்கிறோம் என்ற உணர்வு குறைவு. நான் பறக்கவிட்டிருந்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லோரும் ப்ரூக்ஸ்போல இருந்தால் இந்தத் துறை நகர்ந்திருக்காது. அதே துறைக்கு 1978ல் வந்த ஹென்றி ஃபுக்ஸ், பிக்சல்-ப்ளேன்ஸ் என்ற கிராபிக்ஸ் வன்பொருளை வரிசையாகச் செய்தார். நடக்கிறவரின் தலையைப் பின்தொடர, கூரை முழுக்க அகச்சிவப்பு விளக்குகளைப் பதித்து ஒரு தனி அமைப்பே செய்தார்கள். இப்படி வேகத்தையும் துல்லியத்தையும் துரத்தியவர்கள் இல்லாமல் அந்தப் பள்ளத்தில் யாருக்கும் கால் நடுங்கியிருக்காது. இரண்டு வகை மனிதர்களும் ஒரே தாழ்வாரத்தில் இருந்ததுதான் அந்த இடத்தின் பலம்.

1999ல், கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது பெற்ற அதே ஆண்டு, ப்ரூக்ஸ் ஒரு கணக்கெடுப்பை எழுதினார். வி.ஆரை யார் நிஜ வேலைக்குத் தினமும் பயன்படுத்துகிறார்கள் என்று பல இடங்களுக்குப் போய்ப் பார்த்திருந்தார். செய்துகாட்டும் கூடங்களை அவர் சேர்க்கவில்லை. வி.ஆரைப் பற்றிய ஆர்வத்துக்காக இல்லாமல், அதிலிருந்து கிடைக்கும் பலனுக்காக அதைத் தொடுகிறவர்கள் மட்டுமே கணக்கு. விமான ஓட்டிகளின் பயிற்சி, வாகன வடிவமைப்பு, விண்வெளி வீரர்களின் பயிற்சி, உயரத்தைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கான சிகிச்சை, இப்படி ஒரு சில. அவர் எழுதிய தீர்ப்பு இது: முன்பு கிட்டத்தட்ட வேலை செய்துகொண்டிருந்த வி.ஆர். இப்போது தட்டுத்தடுமாறியாவது வேலை செய்கிறது. அந்த இரண்டு நிலைக்கும் நடுவில் ஒரு மலைக் கணவாய் இருக்கிறது, அதைக் கடந்துவிட்டோம் என்று மகிழ்ந்தார்.

மறுபடி அதே அலமாரி

இதையெல்லாம் படித்து முடித்தபின், அந்த மூத்த பொறியாளரிடம் போய், "மேடம், ஒரு மூணு வாரம் உங்க பக்கத்துல உட்கார்ந்து நீங்க செய்யுறதைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சரி என்றார். திங்கட்கிழமை காலையில் போய் உட்கார்ந்தேன். கட்டுமானத் தளத்திலிருந்து வரும் புகார்களோடுதான் அவருடைய வாரம் தொடங்குகிறது. வால்வைத் திறக்கக் கை எட்டவில்லை. ஸ்பானர் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பவில்லை. முகத்துக்கு நேரே குழாய் ஓடுகிறது. வரைபடத்தில் எல்லாமே சரியாக இருக்கும், இடைவெளி விதிப்படி இருக்கும். ஆனால் அங்கே போய் நிற்கிற மனிதரின் முழங்கைக்கு இடம் இருக்காது. குழாயைப் பொருத்தியபின் மாற்றுவது பெரிய செலவு. மொத்த ஆலையையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருபது வருடத்தில் ஒருதரம்கூட வந்ததில்லை. ஒவ்வொரு வால்வுக்கும் முன்னால் ஒரு ஆள் நிற்க முடியுமா என்பது மட்டும்தான் அவர் கேள்வி. அதை ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

பறப்பதை எடுத்துவிட்டேன். ஒரு வால்வைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு முன்னால் தரையில் நிற்கலாம், நாலடி நடக்கலாம், அவ்வளவுதான். பிறகு இரண்டு இரும்பு ஸ்டாண்டும் கொஞ்சம் பிளாஸ்டிக் குழாயும் வாங்கினேன். படத்தில் குழாய் எந்த உயரத்தில் ஓடுகிறதோ அதே உயரத்தில் நிஜக் குழாயைக் கட்டி நிறுத்தினேன். வால்வு இருக்கும் இடத்தில் ஒரு பழைய கைச்சக்கரம். பொருத்தி அளவு சரிபார்க்க ஒரு வால்வுக்கு இருபது நிமிடம் பிடித்தது.

அவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கையை நீட்டினார். குழாய்க்கு அடியில் கையை விட்டுச் சக்கரத்தைப் பிடித்தார், திருப்பினார். கால் சுற்றுக்குள் முழங்கை பிளாஸ்டிக் குழாயில் நன்றாகவே இடித்தது. ஒரு கணம் அப்படியே நின்றார். மறுபடி வேறு கோணத்தில் முயன்றார், மறுபடி இடித்தது. "இந்த வால்வைத் திருப்பி வைக்கணும். ஸ்பிண்டில் இந்தப் பக்கம் பார்க்கணும்," என்றார், யாரிடமும் இல்லாமல். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். எப்படி இருந்தது என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் தன் சீட்டுக்குப் போய் வரைபடத்தைத் திறந்துவிட்டார். ஹெட்செட்டைப் பற்றி அன்று முழுக்க ஒரு வார்த்தையும் அவர் பேசவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது மட்டும், "நாளைக்கு இன்னும் மூணு வால்வு இருக்கு, குழாயைக் கழட்டிடாதீங்க," என்றார்.